தூதி பூதத்தை அணைக்கிறாள்

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் புகார்ப் பிரிவுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி அக்கா, இத நீங்கதான் படிக்கணும். பூதம் தூங்க மாட்டேங்குதாம்."

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தங்கச்சி. வயது நாற்பத்தாறு. அண்ணன் பின்னால் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்த முதல் நாள் விழுந்த பெயர். இருபத்து மூன்று வருடமாகியும் உதிரவில்லை. சின்னவர்கள் மரியாதைக்காக அதன் வாலில் ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கடிதம் தாளில் வந்திருந்தது. அதுவே புதுமை. புகார்கள் மின்னஞ்சலில்தான் வரும். பாதி வசவும் பாதி ஆச்சரியக்குறியுமாக இருக்கும். இது கோடு போட்ட தாள். நிதானமான கையெழுத்து.

'வணக்கம். தூதி முதல் பாகத்தின் புதிய பதிப்பை வாங்கினேன். அதில் தீப்பூதம் தூங்கவில்லை. பழைய பதிப்பில் தூங்கும். என் மகளுக்கு அதைக் காட்டத்தான் வாங்கினேன். தயவுசெய்து சரி செய்யவும்.'

கீழே ஒரு தொலைபேசி எண்.

"வேற ஏதோ கேமோட குழப்பிக்கிட்டாங்க போல," என்றாள் புகார்ப் பிரிவுப் பெண். "ஒரு மன்னிப்பு எழுதி, தூதி படம் போட்ட ஒரு கீசெயினும் வச்சு அனுப்பிடட்டுமா?"

"பொறு."

தீப்பூதத்துக்கு அசைவு கொடுத்தவள் தங்கச்சிதான். அதற்கு மொத்தம் பதினோரு அசைவுகள். எழும், திரும்பும், உறுமும், கை ஓங்கும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தூக்கம் அதில் இல்லை. இருந்ததே இல்லை.

"நான் பேசிக்கிறேன்," என்றாள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

தூதி என்பது அந்த நிறுவனம் செய்யும் வீடியோ கேம். எரிந்துபோன ஒரு நாட்டில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகிற ஒரு பெண்ணின் கதை. எட்டுப் பாகங்கள் வந்துவிட்டன. முதல் பாகத்தின் முடிவில் மலைக் கணவாயை மறித்துக்கொண்டு தீப்பூதம் நிற்கும். வேறு எந்த கேமாக இருந்தாலும் அங்கே வாளை உருவியிருப்பார்கள். தூதியிடம் வாள் இல்லை. பட்டனை அழுத்தினால் அவள் ஓடிப்போய்ப் பூதத்தைக் கட்டிக்கொள்வாள். கணவாய் திறக்கும்.

அந்த ஒரு அணைப்பு உலகம் சுற்றியது. அடுத்த ஏழு பாகங்களிலும் வந்தது. சட்டையில் வந்தது, குவளையில் வந்தது. வரவேற்பறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை நின்றது. பேட்டி எடுக்க வருகிறவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் தங்கச்சியை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?

"தானா வந்தது," என்பாள்.

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கேமுக்குக் கதை எழுதுகிறவர் அவள் அண்ணன். அன்று அவர் கொடுத்த பக்கத்தில் இரண்டே வரிகள். 'தூதி பூதத்தை அணைக்கிறாள். கடைசிவரை விடுவதில்லை.' அண்ணன் மனத்தில் இருந்தது தண்ணீர். நெருப்பை அணைப்பது. குடம் குடமாகச் சுமந்துவந்து ஊற்றுவது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான தங்கை அதைப் படித்தாள். மூன்று வாரம் உட்கார்ந்து, தூதியின் இரண்டு கைகளையும் விரித்து, பூதத்தைக் கட்டிப்பிடிக்க வைத்தாள். முடித்துக் காட்டினாள். அண்ணன் திரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வெளியீட்டுக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நொடியில் அவளுக்கும் உறைத்தது.

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. தங்களுக்குள்ளும் மூச்சு விட்டதில்லை.

இப்போது அந்த அணைப்புக்குத்தான் ஆபத்து.

நிறுவனத்தை நடத்துகிறவளைப் பெரியக்கா என்பார்கள். அவள் அறைச் சுவரில் ஒன்பதாம் பாகத்துக்கான திட்டம் பெரிய வெள்ளைத் தாளில் தொங்கியது. வாள். நானூறு ஊர். பறக்கும் குதிரை. கடைசி வரி: அணைப்பு நீக்கம்.

திங்கட்கிழமை அவள் தங்கச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"எட்டாம் பாகத்துல உன் அணைப்பு மூணு நொடி. அந்த மூணு நொடியத் தாண்டிப் போக என்ன பட்டன்னு கேட்டு நாலாயிரம் பேர் எழுதியிருக்காங்க. ரெண்டாம் பாகத்துல படகு குடுத்தோம். நாலுல மலை குடுத்தோம். எட்டுல நடந்தா மூணு நாள் ஆகுற நிலம் குடுத்தோம். இன்னும் பெருசு வேணுங்கிறாங்க. நான் என்ன பண்ண?"

"அத எடுத்துட்டா அது தூதியே இல்ல பெரியக்கா."

"ஏன்?"

தங்கச்சி சுவரில் தொங்கிய தாளின் கடைசி வரியைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வெளியீட்டாளர் கூப்பிடுவாரு. அதுக்குள்ள அது எதுக்குன்னு எனக்குச் சொல்லு. கண்டுபிடிச்சவ நீ. உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

ஊசியை எங்கே குத்துகிறோம் என்று பெரியக்காவுக்குத் தெரியாது. தங்கச்சி எழுந்தாள்.

"மூஞ்சத் தூக்கி வச்சுக்காத," என்றாள் பெரியக்கா. "நான் இழக்காததா? முதல் பாகத்துக்கு வானம் வரைஞ்சது யாரு? நான். ஆறு வாரம். நட்சத்திரம் ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி வச்சேன். ரெண்டாயிரத்து நூத்தி ஏழு. உன் பூதம் வந்து தீய மூட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. நம்ம புரோகிராமர் எலி அந்த வானத்தத் தூக்கிப் போட்டுட்டான். அன்னிக்கு வச்ச தூரிகைதான். அப்புறம் இந்த ஆபீசக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

*

கடிதம் எழுதியவளைத் தங்கச்சி செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். பின்னால் வாடிக்கையாளர் யாரோ எழுத்துகளை வாசிக்கும் குரல் கேட்டது.

"பூதம் எப்பம்மா தூங்கும்?"

"பிடிச்சுக்கிட்டே இருந்தாத் தூங்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது தெரியாது. நான் தூங்கிட்டேனே."

தங்கச்சி பேனாவை எடுத்தாள். எழுத எதுவும் தோன்றவில்லை. கீழே வைத்தாள்.

"என் பொண்ணுக்கு அப்ப நாப்பது நாள்," என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. "மடியில கிடந்தாத்தான் தூங்குவா. கீழ போட்டா ஊரக் கூட்டுவா. ஒரு கை அவளுக்கு. இன்னொரு கை சும்மாதானே இருக்குன்னு வீட்டுக்காரரோட கேம எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாப் போயி அந்தப் பூதத்துக்கிட்ட வந்துட்டேன். கட்டிப்பிடிச்சேன். இவ தூங்கினா. நானும் அப்படியே தூங்கிட்டேன். கட்டைவிரல் பட்டன் மேலயே இருந்திருக்கு. முழிச்சுப் பாத்தா டிவி கறுப்பா இருந்துச்சு. கெட்டுப் போச்சு, அவரு வந்து கத்தப் போறாருன்னு நினைச்சேன். அப்புறம்தான் கண்ணு பழகிச்சு."

"என்ன பாத்தீங்க?"



"செஞ்சவங்க நீங்க. என்னையக் கேக்குறீங்க?"

"இல்லம்மா, ஒருவேளை கனவா..."

"நான் இருக்கிறது கண்ணாடிக் கடை. என்ன தெரிஞ்சுது, என்ன தெரியலன்னு நாள் முழுக்க அடுத்தவங்களக் கேக்குறவ நான். எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான்." குரல் இளகியது. "அப்புறம் ஆறு மாசம் தினம் அப்படித்தான். இவளயும் பூதத்தையும் ஒண்ணாத் தூங்க வைப்பேன். பெறகு அந்த மெஷின் போச்சு. ஞாயித்துக்கிழமை பொண்ணு வேலைக்கு வெளியூர் போறா. அதுக்குள்ள அவளுக்குக் காட்டணும். புதுசுல பட்டன அமுக்கினா பட்டுன்னு கட்டிப்பிடிச்சு, பட்டுன்னு விட்டுடுறா. யாரு இப்படி மாத்தினது?"

மாற்றியது தங்கச்சிதான். பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால் விரல் வலிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு தட்டு போதும், மூன்று நொடியில் முடியட்டும் என்று இரண்டாம் பாகத்திலேயே மாற்றிவிட்டாள். முதல் பாகத்தைப் புதுப்பித்தபோது அதற்கும் அதையே செய்தாள். பத்து நிமிட வேலை.

"பாக்குறேம்மா," என்றாள்.

*

முதல் பாகத்தின் பழைய வட்டு பொருள் வைக்கும் அறையில் இருந்தது. பழைய மெஷினும் அங்கேதான். கால் போன நாற்காலிகளுக்கும் பழைய அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே. புதன்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தங்கச்சி எலியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எலி புரோகிராமர். முதல் பாகத்திலிருந்து இருக்கிறவன். வயர்களுக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்துவதால் அந்தப் பெயர். மெஷினை ஊதித் துடைத்தான். திரையில் கோடுகள் ஓடி நின்றன. ஏதோ ஒரு ரகசிய எண்ணைத் தட்டி, நான்கு மணி நேரக் கதையைத் தாண்டி, நேராகக் கணவாய்க்குப் போனான்.

"இந்தா. உன் புருஷன் நிக்குறான்."

பூதம் நின்றது. தலையிலிருந்து கால்வரை தீ. தங்கச்சி பட்டனை அழுத்தினாள். தூதி ஓடினாள், கட்டிக்கொண்டாள். தங்கச்சி விரலை எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம். தீ அப்படியே எரிந்தது.

"பூதம் தூங்குதோ இல்லையோ, நான் தூங்கிடுவேன்," என்றான் எலி.

கதவு திறந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏய் பாப்பா, உன்னத் தேடி ஆபீசையே சல்லடை போட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்லப் போற?" திரையைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். அந்தக் காட்சி ஓடும்போது அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருப்பதைத் தவிர்த்து வந்தவர்கள். அவர் திரும்பிப் போகப் பார்த்தார்.

"உக்காருண்ணா," என்றாள். "விரல் மரத்துப் போச்சு. ஆள் வேணும்."

அவர் கால் போன நாற்காலி ஒன்றைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார். அவள் விரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அவள் தன்னுடையதை மெல்ல உருவிக்கொண்டாள். பட்டன் ஓர் இம்மிகூட எழவில்லை.

ஒன்பதாவது நிமிடம் தங்கச்சி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பூதத்தின் தலைக்குமேல் தீ நாக்குகள் திரையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது தொடவில்லை. நடுவே ஒரு விரல் இடைவெளி.

"குறையுது," என்றாள்.

"குறையத்தானே செய்யும்," என்றான் எலி. "நான்தானே எழுதினேன்."

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன எழுதினே?"

"பட்டன அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் தீ குறையணும்னு. நீங்க எழுதிக் குடுத்த பக்கத்துல அப்படித்தானே இருந்துது? பூதத்தை அணைக்கிறாள். தீயத்தான் அணைக்கப் போறான்னு நான் எழுதி வச்சேன். குடம், தண்ணி எல்லாம் வரைஞ்சு வரும்னு காத்திருந்தேன். வரல. பாத்தா இந்தம்மா போயிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குறா." எலி தலையைச் சொறிந்தான். "சரி, கலைன்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு விட்டுட்டேன். நான் எழுதினத அழிக்க நேரமில்ல. விரல எடுத்தாக் கணவாய் திறக்கும்னு ஒரு வரியச் சேத்தேன். யாரு பிடிச்சுக்கிட்டே நிக்கப் போறா? ஒரு நொடியில எடுத்துட்டு ஓடத்தானே பாப்பாங்க."

மெஷின் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் சிரித்தது அண்ணன். தோள் குலுங்கியது. விரல் மட்டும் அசையவில்லை.

"மூணு பேரு," என்றார். "ஒரு வரி. அதையும் ஒழுங்காப் படிச்சது எலி ஒருத்தன்."

"அண்ணா." தங்கச்சி பெட்டிமேல் உட்கார்ந்தாள். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயத் திறந்தேன்."

"பாத்தேன்."

"அதுக்குள்ள தூதி போயி அதைக் கட்டிக்கிட்டா. எழுதினவன் நான். எனக்கு அப்படி ஒண்ணு தோணல. எனக்குத் தோணினது நெருப்புன்னா தண்ணி. அதப் பாத்துட்டுத் தப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல."

"இருபத்து மூணு வருஷமா திருடி மாதிரி இருந்தேன்."

"நான் மட்டும்? அந்தக் காட்சிக்குத்தானே எனக்கு விருது குடுத்தாங்க. மேடையில நின்னு நன்றி சொன்னேன். யாருக்கு நன்றின்னு சொல்லல. கவனிச்சியா?"

அவள் கவனித்திருந்தாள். அன்று அதைக் கோபம் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு யாரும் விருது குடுக்கல," என்றான் எலி. "விரலயாவது குடுங்க. என் முறை."

இருபதாவது நிமிடம். தீ பூதத்தின் தோளுக்கு இறங்கியிருந்தது. சிவப்பு போய் மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே நீலம். தங்கச்சி கண் எடுக்கவில்லை. அவள் அந்தக் கைகளைச் செய்தபோது ஒரு சின்ன விதி வைத்திருந்தாள். தூதியின் உள்ளங்கை பூதத்தின் உடம்பை விட்டு விலகக் கூடாது. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதற்காக வைத்த விதி. இப்போது தீ சுருங்கச் சுருங்கப் பூதம் சிறுத்தது. பூதம் சிறுக்கச் சிறுக்கக் கைகள் நெருங்கின. தூதி முதலில் அண்ணாந்து நின்றிருந்தாள். பிறகு நேராக நின்றாள். பிறகு குனிந்தாள். அவளைக் குனியவைத்தது யார்? தங்கச்சி குனியும் அசைவைச் செய்யவேயில்லை. எலியின் வரி தீயை இறக்கியது. அவளுடைய விதி கையை இறக்கியது. கை இறங்கியதால் முதுகு வளைந்தது. செய்யாத ஓர் அசைவு, செய்தவற்றிலெல்லாம் அழகாக, அவள் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

"எலி," என்றாள். "இதப் பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

முப்பத்தைந்தாவது நிமிடம் தூதி மண்டியிட்டிருந்தாள். மடியில் ஒரு விளக்களவு நெருப்பு. பூதத்தின் முகம் அதற்குள் எங்கோ இருந்தது. உறுமல் நின்றுபோயிருந்தது. மூச்சு மட்டும். அந்த மூச்சு தங்கச்சிதான் செய்தது, பதினோராவது அசைவு. நெருப்பின் ஆட்டத்தில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. தீ ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி.

நாற்பத்தோராவது நிமிடம் அது அணைந்தது.

திரை கறுத்தது. எலி பழக்கதோஷத்தில் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"கை வைக்காத!"

மூவரும் இருட்டைப் பார்த்தார்கள். கண் பழகியது.

முதலில் ஒன்று. மேல்மூலையில், தூசி என்று துடைக்கத் தோன்றும் அளவில். பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. கணவாயின் இரண்டு மலைகளுக்கும் நடுவே வானம் முழுக்க நட்சத்திரம். பெரியது, பொடியது, சரிந்து ஓடும் பால்போல ஒரு நீண்ட படலம். கீழே கறுப்பாகக் குனிந்திருந்த தூதியின் தலைக்குமேல் அது மெல்ல, மிக மெல்ல, சுழன்றுகொண்டிருந்தது.



"தூக்கிப் போட்டுட்டேன்னுதானே சொன்னே?" என்றார் அண்ணன்.

"நானா சொன்னேன்? அது பெரியக்கா சொல்றது," என்றான் எலி. "தூக்க நேரமேது? தீயக் கொண்டுவந்து முன்னால வச்சேன். மறைஞ்சுது. அவ்வளவுதான்."

அப்படியானால் அது எப்போதும் இருந்திருக்கிறது. எத்தனை வீடுகளில், எத்தனை பேர் அந்தக் கணவாயில் நின்று, பட்டனைத் தட்டி, விரலை எடுத்து ஓடியிருப்பார்கள்! ஒவ்வொருவர் திரையிலும் ஒவ்வொரு முறையும், தீக்குப் பின்னால் இது சுழன்றிருக்கிறது. செய்தவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒருத்தி, மடியில் பிள்ளையோடு, தூக்கத்தில் விரலை எடுக்க மறந்துபோனவள், பார்த்திருக்கிறாள்.

"பூதத்தை அணைக்கிறாள்," என்று அண்ணன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கடைசிவரை விடுவதில்லை. எழுதினபடியேதான் இருக்கு, பாத்தியா? ரெண்டு விதமாவும் சரியா இருக்கு. நீ அணைச்சே. அது அணைஞ்சுது."

எலி மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான். யாரும் கேட்கவில்லை.

"எட்டுப் பாகமா நாம என்ன சேத்தோம்?" என்றாள் தங்கச்சி, திரையைப் பார்த்தபடியே. "தூரம். படகு, மலை, மூணு நாள் நிலம். எல்லாம் தூரம். ஒரு இடத்துலயாவது நேரத்தச் சேத்தோமா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதத் தாள் இல்லை. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தார்.

*

வியாழக்கிழமை எலி முதல் பாகத்தின் புதிய பதிப்பில் சில வரிகளைத் திருத்தினான். சாயங்காலம் தங்கச்சி கண்ணாடிக் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"இனிமே தூங்கும்மா. நாப்பத்தோரு நிமிஷம்."

"அவ்வளவுதானா?" என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. "நான் ரெண்டு மணி நேரம்னு நினைச்சேன்." பிறகு கேட்டாள். "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி?"

தங்கச்சி சொல்லத் தேடினாள். கிடைக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. "அதான். எனக்கும் வரல. அதனாலதான் தூங்குச்சுன்னு எழுதினேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணி தாண்டித் தங்கச்சி தள்ளுவண்டியில் பழைய மெஷினை ஏற்றிப் பெரியக்காவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அண்ணனும் எலியும் பின்னால் வந்து கதவோரம் நின்றார்கள்.

"என்ன இது, பழைய இரும்புக் கடையா?" என்றாள் பெரியக்கா. "திட்டம் எங்க?"

தங்கச்சி அண்ணன் எழுதிய அட்டை மூடியை மேசைமேல் வைத்தாள். பெரியக்கா புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் பழைய விலாசம் ஒன்று ஒட்டியிருந்தது.

"எத்தனை ஊர்?"

"ஒண்ணு."

"ஆயுதம்?"

"இல்ல."

"குதிரை?"

"நடந்துதான் போவா. ஆனா எங்க நின்னாலும், நின்னுக்கிட்டே இருந்தா, அந்த இடம் மாறும். ஓடுறவங்களுக்கு ஒரு கேம். நிக்கிறவங்களுக்கு வேற ஒண்ணு."

"இத நான் மூணு மணிக்கு அந்த மனுஷன்கிட்டச் சொல்லணும். அவரு போன வச்சுட்டுப் போயிடுவாரு."

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் பெரியக்கா." தங்கச்சி திரும்பி அண்ணனை ஒருமுறை பார்த்தாள். "அந்த அணைப்ப நான் கண்டுபிடிக்கல. அண்ணன் எழுதினது தீயை அணைக்கிறத. நான் தப்பாப் படிச்சேன். சுவத்துல இருக்கே, அது தப்பு. இருபத்து மூணு வருஷம் சொல்லாம இருந்துட்டேன்."

பெரியக்கா மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கத்த நானும்தான் படிச்சேன்," என்றாள் கடைசியில். "நான் என்னன்னு படிச்சேன்னு இப்ப யோசிச்சா ஞாபகம் வரல. தப்போ சரியோ, எனக்குக் கேள்வி ஒண்ணுதான். அது எதுக்கு?"

"அதச் சொல்ல வராது. பிடிச்சுப் பாருங்க."

தங்கச்சி கண்ட்ரோலரை நீட்டினாள். மணி இரண்டு இருபத்தைந்து. பெரியக்கா பெருமூச்சு விட்டு வாங்கினாள். பட்டனை அழுத்தினாள். தூதி ஓடினாள்.

"விடாதீங்க," என்றாள் தங்கச்சி.

"எதுவரைக்கும்?"

"கடைசிவரைக்கும்."

பத்து நிமிடம் பெரியக்கா முணுமுணுத்தாள். பதினைந்தாவது நிமிடம் அண்ணன் அவசரமாக விரலைக் கொண்டுபோனார். "வலிச்சா மாத்திக்கலாம்." பெரியக்கா பதில் சொல்லாமல், விடாமல், தானே கை மாற்றிக்கொண்டாள். அதன்பிறகு முணுமுணுப்பும் நின்றது. தீ இறங்கியது. தூதியின் முதுகு வளையத் தொடங்கியபோது அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. தங்கச்சி எடுத்துப் பெரியக்காவின் காதில் வைத்தாள்.

"ஆமா, நான்தான்... ஒன்பதாம் பாகமா? இப்ப முடியாது. அப்புறம் நானே கூப்பிடுறேன்... இல்ல, கை வேலையா இருக்கு." தலையை அசைத்துத் தொலைபேசியை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு கண் திரையிலேயே இருக்க, "எலி, அந்தத் தாளக் கழட்டு," என்றாள். "வெள்ளையா திரையில அடிக்குது. ஒண்ணும் தெரியல."

எலி சுவரிலிருந்து நானூறு ஊரையும் வாளையும் பறக்கும் குதிரையையும் கழற்றிச் சுருட்டினான்.

தூதி மண்டியிட்டாள். மடியில் விளக்களவு நெருப்பு, ஏறி இறங்கியது. தங்கச்சி திரையைப் பார்க்கவில்லை. பெரியக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் விழுந்த மஞ்சள் நீலமானது. நீலம் போய் இருண்டது.

யாரும் அசையவில்லை. பெரியக்கா கண்ணைச் சுருக்கினாள். உடம்பை முன்னால் சாய்த்தாள். கட்டைவிரல் பட்டன்மேல் வெளுத்துப் போயிருந்தது.

மற்றக் கையின் சுட்டுவிரல் தானாக எழுந்தது. திரையின் மேல்மூலைக்குப் போனது.

"ஒண்ணு," என்றாள்.